ஒன்றரை ஸ்பீடில் பார்த்துவிட்டு 'லேக்'காம்!

பெரம்பூரில் எந்த டீக்கடையில் கிரைம் படப் பேச்செடுத்தாலும் "செம லேக்", அதாவது படம் இழுக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள், அதுவும் ஓடிடியில் ஒன்றரை ஸ்பீடில் ஓடவிட்டு, பாதி நேரம் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே பார்த்தவர்கள். 2016-இல் வந்த 'ஹெல் ஆர் ஹை வாட்டர்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு டெக்சாஸில் குடும்ப நிலம் கடனில் போகப்போகிறது, அதை மீட்க அண்ணன் தம்பி இருவரும் கடன் கொடுத்த அதே வங்கியின் கிளைகளில் கொள்ளையடிக்கிறார்கள். வட்டிக்காரன் வாசலில் வந்து கத்துவதைப் பார்த்து வளர்ந்த நம்மாளுக்கு இதுகூடவா புரியாது? "கௌபாய் படம்னாங்க, கார்ல போறானுங்க" என்கிறார் ஒருவர். அட, நவீன வெஸ்டர்ன்யா அது, கௌபாய் படப் பாணியை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்தது! வெறிச்சோடிய ஊரும் ரோட்டோரக் கடன் விளம்பரப் பலகைகளும்தான் கதையே. அதையெல்லாம் தள்ளிவிட்டு ஃபைட் எங்கே என்றால்? இதே ஆட்கள், வடசென்னைக் கதை வந்தால் மட்டும் "எங்க ஏரியாவைத் தப்பா காட்டிட்டான்" என்று ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்க்கிறார்கள்.