காசிமேட்டு மீனுக்கு எத்தனை சிசி வேண்டும்?

பிக்கப் வண்டி வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், தண்டையார்பேட்டை டீக்கடையில் நிற்கிற அத்தனை பேரும் ஒரே பாட்டைப் பாடுவார்கள்: "பெரிய எஞ்சினாகவே எடுத்துவிடுங்கள்." பாடுகிறவர்களில் ஒருவரும் டியூ கட்டப் போவதில்லை. என் மச்சான் மகன் இப்போது இவர்கள் வாயில் விழுந்திருக்கிறான். காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏற்றி மூலக்கடை, பெரம்பூர், மாதவரம் கடைகளுக்குப் போடுவது அவன் தொழில். எஞ்சின் ஒன்றரை லிட்டரா (1500 சிசி), இரண்டரை லிட்டரா (2500 சிசி) என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறான்.

அவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பெரிய எஞ்சினைக் கேட்பது வேகம். எடைக்கு அதில் பங்கு உண்டு, ஆனால் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வண்டியும் சரக்கும் சேர்ந்து இரண்டரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அதை ஓட்டத் தோராயமாக 7 குதிரைத்திறன் போதும். அதே வண்டி 80ல் போக வேண்டுமானால் 25க்கு மேல் தேவை. காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் டயர் உருளத் தேவைப்படும் திறன் இரண்டு மடங்குதான், காற்றைப் பிளக்கத் தேவைப்படும் திறனோ எட்டு மடங்காகும். பிக்கப்பின் பின்னால் பெட்டியை உயர்த்திக் கட்டினால் இன்னும் மோசம். சரி, மேம்பாலம்? நூறு அடிக்கு ஐந்தடி உயர்கிற ஏற்றத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற 12 குதிரைத்திறன் இருந்தால் ஏறிவிடும். மூலக்கடை மேம்பாலத்தை விட்டால் வடசென்னையில் உங்களுக்கு வேறு என்ன மலை இருக்கிறது? எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டரை லிட்டர் எஞ்சினும் நின்ற இடத்தில் டீசல் குடிப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

2005ல் டாடா ஏஸ், அதாவது நம் குட்டியானை, வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். முக்கால் டன் சரக்கை வைத்துக்கொண்டு அது சந்து பொந்தெல்லாம் போய் வந்தது. நெடுஞ்சாலையில்தான் திணறியது. மேலே போட்ட கணக்கும் இதையேதான் சொல்கிறது.

இன்னொரு காரணம், மீன் ஏற்றுகிறவர்களுக்கு மட்டுமானது. காசிமேட்டில் சில வருஷம் ஓடிய வண்டி எதற்காவது அடியில் குனிந்து பாருங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் மீன் தண்ணீரோடும் உப்போடும் கலந்து, லோடு பாடியின் தகரத் தளத்தில் இருக்கும் இடுக்குகள் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். வண்டியைத் தாங்கும் சட்டமான சேஸியில் விரல் வைத்துத் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிரும். பட்டை ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கிற யு போல்ட்டில் மரை இருந்த அடையாளமே தெரியாது. ஸ்பேனர் வழுக்கும், கேஸ் வைத்து அறுத்துத்தான் கழற்ற வேண்டும். பிரேக் பைப்புக்கும் அதே கதி. எஞ்சினோ காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும்! எஞ்சின் சாகும் முன்பே உடம்பு போய்விடுகிற தொழிலில், எஞ்சினுக்கு ஏன் கூடுதல் காசு? அந்தப் பணத்தில் தளத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போட்டு, தண்ணீர் வடிய ஒரு குழாய் வைத்து, அடிப்பாகத்துக்குத் துரு தடுக்கும் பூச்சு அடியுங்கள். ஆதாயம் அதில் இருக்கிறது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு ஒரு புதுத் தலைவலியும் சேர்ந்திருக்கிறது. டி.பி.எஃப். என்கிற புகைக்கரி வடிகட்டி உள்ள டீசல் வண்டிகளில், பிடித்த கரி தானாக எரிந்து போகச் சைலன்சர் நன்றாகச் சூடேற வேண்டும். ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கு ஊர்ந்து போகிற வண்டியில் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி இழுக்காது, ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டியதுதான். குறைந்த தூரம், நிறைய நிறுத்தம் என்றால் சின்ன பெட்ரோல் வண்டியையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரிய எஞ்சினே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கும்மிடிப்பூண்டி, தடா தாண்டி நெல்லூர் வரை போய் இறால் ஏற்றி வருகிறவர் சின்ன எஞ்சினை வாங்கினால் அதை நாள் முழுக்க முழு ஆக்சிலேட்டரில் மிதித்துக் கொன்றுவிடுவார். அவருக்குப் பெரியதே சரி. எஞ்சினிலிருந்து பெல்ட் போட்டுக் கம்ப்ரசர் ஓட்டுகிற குளிர்பெட்டி வண்டிக்கும் அப்படியே. விற்கும்போதும் பொலேரோ பிக்கப் மாதிரி 2523 சிசி வண்டிக்கு ஆள் சீக்கிரம் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிசியை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் வீண். டாடா இன்ட்ரா வி30, வி50 இரண்டுமே 1496 சிசி டீசல்தான். ஆனால் முதலாவதன் இழுவை, அதாவது டார்க், 140 நியூட்டன் மீட்டர், இரண்டாவதற்கு 220. அளவு ஒன்று, குணம் வேறு. விளம்பரத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது இழுவை எண்ணும் அது எஞ்சினின் எந்தச் சுற்றில் (ஆர்.பி.எம்.) கிடைக்கிறது என்பதும்தான். குறைந்த சுற்றிலேயே கிடைத்தால் கிளட்ச் பிழைக்கும்.

டீக்கடை ஆலோசனையின் உண்மையான அர்த்தம் எனக்குத் தெரியும். "பெரிய எஞ்சின்" என்றால் "இன்னும் பத்துப் பெட்டி ஏற்றலாம்." ஏற்றலாம், நிறுத்த முடியுமா? எவ்வளவு சரக்கு என்பதை அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் டயரும்தான் தீர்மானிக்கின்றன; ஆர்.சி.யில் அச்சடித்திருக்கிறார்கள். மீறினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு நாள் பிடிபட்டால் எத்தனை நடை வாடகை போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் சரக்கு பெர்மிட் எடுக்கத் தேவையில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பெரிய பிக்கப்பில் சில மாடல்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

ஷோரூமில் காலி வண்டியைத்தான் ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார்கள். காலி வண்டியில் எந்த எஞ்சினும் சிங்கம்தான். விடாதீர்கள்; நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற எடையை ஏற்றித் தரச் சொல்லுங்கள். மேம்பால ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, முதல் கியரில் கிளட்ச் வாடை வராமல் கிளப்பிப் பாருங்கள். கிளம்பினால் சின்னதையே எடுங்கள். சரக்கு ஏற்றித் தர மாட்டோம் என்றால் அடுத்த ஷோரூமுக்குப் போங்கள்.