தலைமைச் செயலாளரைத் தேடும்போது கடைமடையையும் கேளுங்கள்

நான் பொறுப்பில் இருக்கும் சர்வதேச இளையோர் அமைப்புக்குப் புதிய தலைமைச் செயலாளரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன். யார் விண்ணப்பித்தார்கள், குழுவில் யார் என்ன பேசினார்கள் என்பதையெல்லாம் வெளியே சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்தப் பதவிக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. திருத்துறைப்பூண்டியில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இதில் என்ன அவ்வளவு அக்கறை என்று கேட்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பதவி என்ன என்பதிலேயே பலருக்குக் குழப்பம். நம் ஊர்களில் ஜேசீஸ் என்ற இளைஞர் அமைப்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டெனப் புரியும். 18 முதல் 40 வயது வரை உறுப்பினர்கள், வருடத்துக்கு ஒரு தலைவர். தலைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உலக அலுவலகத்தில் கணக்கு, ஊழியர்கள், ஒப்பந்தங்கள் என்று வருடக்கணக்கில் கட்டி இழுப்பவர் சம்பளத்துக்கு இருக்கும் தலைமைச் செயலாளர். உலக சாரணர் அமைப்பிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். 3 ஆண்டுக்கு ஒருமுறை கூடும் மாநாடு தன்னார்வலர்களைக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கிறது. தலைமைச் செயலாளரை அந்தக் குழு நியமிக்கிறது. ஆக, வாரியத் தலைவருக்கு 26 வயதும் தலைமைச் செயலாளருக்கு 48 வயதும் இருக்கலாம். அந்த 26 வயதுக்காரர் “இது வேண்டாம்” என்றால் முகம் சுளிக்காமல் கேட்டுக்கொள்ளவும் தெரிய வேண்டும், “அது சரிப்படாது, காரணம் இது” என்று எடுத்துச் சொல்லவும் தைரியம் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. மேடையில் நன்றாகப் பேசுபவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள்.

இளையோர் அமைப்புக்கு இளைஞர்தானே தலைமை தாங்க வேண்டும் என்கிறார்கள். சாரணர் அமைப்பு 2017-ல் ஜோர்டானைச் சேர்ந்த அகமது அல்ஹெந்தாவியை நியமித்தபோது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். அதற்கு முன்பே ஐ.நா. பொதுச்செயலாளரின் முதல் இளையோர் தூதராக வேலை பார்த்தவர். கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் உலக அமைப்புக்கு 2019-ல் பொதுச்செயலாளராக வந்த கார்லோஸ் சன்வீ, டோகோ நாட்டுக்காரர். ஆப்பிரிக்க ஒய்.எம்.சி.ஏ.க்களின் கூட்டமைப்பை நடத்திவிட்டு வந்தவர். வயது எனக்கு இரண்டாம்பட்சம். எங்கே, யாருக்குப் பதில் சொல்லி வேலை பார்த்தார் என்பதுதான் முக்கியம்.

2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கம் என்ற இடத்தில் உலக சாரணர் பெருமுகாம் (ஜம்போரி) நடந்தது. 40,000 பேருக்கு மேல் கூடினார்கள். கடலைத் தூர்த்து உண்டாக்கிய தாழ்வான நிலம். வடிகால் சரியில்லை, நிழல் இல்லை, கொளுத்தும் வெயில், கொசு. டெல்டாக்காரர்களுக்கு அந்த நிலத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவோம். நிகழ்ச்சியை முன்கூட்டியே முடித்துக்கொள்ள யோசியுங்கள் என்று உலக அமைப்பு கேட்டது. கொரியத் தரப்பு தொடர்ந்து நடத்தியது. பிரிட்டன், அமெரிக்கக் குழுக்கள் தாங்களாகவே கிளம்பின. கடைசியில் புயல் வருகிறது என்று எல்லாரையும் வெளியேற்றினார்கள். இப்படி ஒரு வாரம் வந்தால் நாம் தேர்ந்தெடுக்கும் தலைமைச் செயலாளர் என்ன செய்வார், யாருக்கு முதலில் போன் போடுவார்? நேர்காணலில் அரை மணி நேரமாவது இதற்கு ஒதுக்க வேண்டும் என்பேன்.

அதைவிடக் கனமான விஷயம் குழந்தைகளின் பாதுகாப்பு. அமெரிக்கச் சாரணர் அமைப்பான பாய் ஸ்கவுட்ஸ் 2020 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. சிறுவயதில் அங்கே பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கோரினார்கள். 82,000 பேர். இதைப் படித்த பிறகும் “குழந்தைப் பாதுகாப்பு குறித்துத் தங்கள் பார்வை என்ன” என்று ஒரு பொதுக் கேள்வியைக் கேட்டு, பொதுப் பதிலை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட என்னால் முடியாது. புகார் வந்தபோது நீங்கள் யாரைப் பணிநீக்கம் செய்தீர்கள், புகார் கொடுத்த பிள்ளைக்கு அப்புறம் என்ன ஆனது என்று கேட்க வேண்டும்.

கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது தலைஞாயிறு பக்கம் நிவாரணம் கொடுத்த எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி நோட்டில் கட்டம் போட்டு எழுதினாள். பெயர், தெரு, கொடுத்தது. நாலாவது கட்டத்துக்கு அவள் வைத்த தலைப்பு, “கேட்டது, நம்மிடம் இல்லை”. தார்ப்பாய் வாங்கிக்கொண்ட ஒரு ஆயா, கூரை மேல் விழுந்த தென்னையை அப்புறப்படுத்த ஆள் கேட்டிருந்தது. இன்னொரு வீட்டில், பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு நனைந்துபோன உயிரியல் புத்தகத்துக்குப் பதில் வேறொன்று. பக்கம் பக்கமாக அந்தக் கட்டம்தான் நிரம்பியிருந்தது. நான் பார்த்த எந்த ஆண்டறிக்கையிலும் அப்படி ஒரு கட்டம் கிடையாது. எத்தனை நாடு, எத்தனை முகாம், எத்தனை பேர் என்ற கணக்குதான் இருக்கும். அதனால்தான் நேர்காணலுக்கு இந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்திருக்கிறேன்: உங்களிடம் கேட்டு, உங்களால் கொடுக்க முடியாமல் போனது எது, அதை அவர்களிடம் யார் போய்ச் சொன்னது?

பரிந்துரை விசாரிப்பதும் மாற வேண்டும். பழைய முதலாளி, நன்கொடை கொடுத்தவர், மாநாட்டில் கூட உட்கார்ந்தவர் என்று மூன்று பேரைக் கேட்டால் மூன்று பேரும் நல்லவர், வல்லவர் என்பார்கள். ஜூன் 12 அன்று மேட்டூரில் மதகைத் திறந்து பூத் தூவுவதை டிவியில் காட்டுவார்கள். தண்ணீர் வந்ததா என்பதை வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். அந்த ஆள் முன்பு வேலை பார்த்த அமைப்பின் ஆகச் சிறிய கிளை எது, அங்கே செயலாளராக இருந்த பையனோ பெண்ணோ யார் என்று தேடிப் பேச வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் போட்டாரா, ஒதுக்கிய பணம் சொன்ன மாதத்தில் வந்ததா என்று கேட்க வேண்டும். இதற்கு அதிகச் செலவும் இல்லை. ஆள் தேடித் தரும் நிறுவனங்கள் முதல் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கட்டணம் வாங்குவது வழக்கம். அவ்வளவு கொடுத்த பிறகும் அவர்கள் கொண்டுவரும் பெயர்கள் பெரும்பாலும் ஜெனீவா, லண்டன் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன.

நம்மவர்கள் இதற்கெல்லாம் சரிப்படுவார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். சேலத்தில் பிறந்த கே.டி. பால் 1916-லேயே இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்தியப் பொதுச்செயலாளர் ஆனார்.

எங்கள் விளம்பரத்தில் பிரெஞ்சு தெரிந்தால் நல்லது என்றுதான் இருக்கிறது, கட்டாயம் என்று இல்லை. முதுகலைப் பட்டத்துக்கு இணையான அனுபவமும் ஏற்கப்படும். நாகை, திருவாரூர், மயிலாடுதுறை, தஞ்சைப் பக்கம் வருடக்கணக்கில் பிள்ளைகளோடு வேலை பார்த்து, கணக்கும் ஒப்படைத்து, வாரியத்தோடு சண்டையும் போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி விட்டுவிடாதீர்கள். நான் குழுவில் இருப்பதால் உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்துத் திருத்தித் தர முடியாது. வேறு யாரையாவது வைத்து எழுதி, கடைசித் தேதிக்கு முன்னால் அனுப்பிவிடுங்கள்.