அந்த வீட்டுக்கு எதிராகக் கையெழுத்திட்டவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் நலச்சங்கக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மனநோயிலிருந்து மீண்ட சில பெண்கள் சேர்ந்து குடியிருக்க எடுத்த வீட்டின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடும்படி, கையெழுத்து வாங்கி உரிமையாளரை நெருக்கினார்கள். "அவர்கள் இருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி" என்று ஒருவர் சொன்னதும் கைதட்டினார்கள். படித்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரி தன் வேலையை முடித்துத்தான் அவர்களை அனுப்பியிருக்கிறது. மனச்சிதைவு நோயில் காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகங்களையும் மாத்திரை பெரும்பாலும் அடக்கிவிடும். நோய் பறித்துக்கொண்ட ஊக்கத்தையும், பேச்சையும், நாலு பேரோடு பழகும் துணிவையும் மாத்திரை மட்டும் மீட்டுத் தருவதில்லை. கால் முறிந்தவருக்குக் கட்டுப் பிரித்த பிறகு நடைப்பயிற்சி வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. இவர்களுக்கும் அதுதான் வேண்டும், அதற்கு ஒரு தெரு வேண்டும்.

என் அக்காவுக்குக் குரல்கள் நின்ற பிறகும் நெடுநாள் அவள் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். பகல்நேர மையத்தில் சமையலும் சில்லறைக் கணக்கும் மெல்ல மெல்லப் பழக்கினார்கள். அவள் முதன்முதலாக மளிகைக் கடைக்குப் போனபோது மையத்துப் பெண் எதிர்ச்சாரியிலேயே நின்றுகொண்டார். இன்று அக்கா மீதிச் சில்லறையைப் பெரியதும் சிறியதுமாக வரிசைப்படுத்தி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறாள். "என்னம்மா, இன்னைக்கும் உளுந்தா?" என்று அந்தக் கடைக்காரர் கேட்பதற்கு ஈடான மருந்து எந்த மருந்துக்கடையிலும் கிடையாது.

"குழந்தைகள் இருக்கும் தெரு" என்கிறீர்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் கடுமையான மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடியும் ஏமாற்றும் அவர்களுக்குத்தான் அதிகம் நேர்கின்றன. வீட்டு விலை குறையும் என்பவர்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை. "ஊருக்கு வெளியே தனியாகக் கட்டிக் கொடுக்கலாமே" என்றவருக்கு ஏர்வாடியை நினைவூட்டுகிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்கிருந்த மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயிலிருந்து ஓட முடியாமல் கருகினார்கள். கண்ணில் படாத இடத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்பதை அன்றே பார்த்துவிட்டோம்.

இது புதிய முயற்சியும் அல்ல. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, மருந்தோடு வேலைப் பயிற்சியும் வேண்டும் என்று செய்து காட்டினார். ஆதரவற்ற மனநோயாளிகளுக்காக உழைக்கும் பான்யன் அமைப்பு 2015 முதல் சாதாரணத் தெருக்களிலேயே இப்படிப்பட்ட வீடுகளை நடத்துகிறது. குடும்பம் இல்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தில் வாழ்வது அவருடைய உரிமை என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது.

"குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று கேட்டவருக்கு: பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அம்மாவுக்கு இப்போது படி ஏற முடியவில்லை. எனக்குப் பிறகு அக்கா எங்கே இருப்பாள் என்று இரவில் கணக்குப் போடாத நாள் இல்லை. அவளுக்கும் நாளை இப்படி ஒரு வீடுதான் வேண்டியிருக்கும். அன்றும் யாராவது கைதட்டுவார்களா?

உரிமையாளர் இன்னும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நீங்கள் இட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாகச் செயலாளருக்கு இந்த வாரத்துக்குள் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். தயக்கம் இருந்தால் என் வீட்டுக்கு வாருங்கள். அக்காவிடமே பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.