ஏன் தள்ளிப்போனது என்று ஒருவரும் சொல்லவில்லை

நேற்றும் பெரியம்மாவோடு தவணைக்குப் போய் வந்தேன். காணி வழக்கு. விடிய ஐந்தரை பஸ். ஒன்பது மணிக்கு முன்னமே மன்றுக்குள் போய் இருந்துவிட்டோம். பதினொன்றரை போல அவவின் பெயரைக் கூப்பிட்டார்கள். எழும்பி, சீலைத் தலைப்பைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றா. இரண்டு சட்டத்தரணிகளும் ஏதோ சொன்னார்கள், ஒரு திகதி சொல்லப்பட்டது, அடுத்த வழக்கின் இலக்கத்தை வாசித்தார்கள். இரண்டு நிமிடம்கூட இராது. அவ நின்றபடியே நின்றா. கடமையில் இருந்த பொலிஸ்காரர் கையைக் காட்டின பிறகுதான் வெளியே வந்தா.

"என்ன பிள்ளை சொன்னவை?"

"அடுத்த தவணை மூண்டு மாசத்தால பெரியம்மா."

"ஏனாம்?"

எனக்கும் தெரியாது. சட்டத்தரணியைத் தேடினால் அவர் அடுத்த வழக்குக்குப் போய்விட்டார். வழக்குப் போட்டது 2017இல். ஒவ்வொரு தவணையையும் அவ ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறா. பஸ்ஸில் வரும்போது எண்ணினேன்: 41. எதிராளி வராமல் தள்ளிப்போனது எத்தனை, நீதிபதி விடுமுறையில் போனது எத்தனை, எங்கள் பக்கத்துப் பிழை எத்தனை, ஒன்றும் அதில் இல்லை.

தீர்ப்பு எங்களுக்குத்தான் வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. தோற்றால் தோற்றதுதான். தள்ளிப்போடுகிற ஒவ்வொரு முறையும் அதன் காரணத்தை, முன்னால் நிற்கிற மனுசிக்கு விளங்கக்கூடியதாக ஒரு வசனத்தில் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். இலங்கையின் வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ். மொழி தெரிந்த இடத்திலேயே ஒன்றும் விளங்காமல் வெளியே வருவது எவ்வளவு பெரிய அவமானம் என்று நேற்று அவவின் முகத்தில் பார்த்தேன்.

இந்த வழக்கைப் போட முடிந்ததே தற்செயல்தான். ஒருவர் இன்னொருவரின் காணியைப் பத்து வருடம் தனதென்று தொடர்ந்து ஆண்டுவந்தால் உரிமை கோரலாம் என்பது இங்கே பழைய சட்டம். இடம்பெயர்ந்து திரிந்த சனத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? அதற்காகத்தான் 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அதற்குக் கொடுத்த காலம் இரண்டே வருடம். எங்கள் ஒழுங்கையில் பலருக்கு அது வந்ததும் தெரியாது, முடிந்ததும் தெரியாது. பெரியம்மாவுக்கு ஒரு கிராம சேவகர் பேச்சுவாக்கில் சொன்னபடியால் தெரிந்தது.

கட்டளை கிடைத்தவர்களின் நிலையும் லேசில்லை. 2019 செப்டெம்பர் 23ஆம் திகதி நீராவியடிப் பிள்ளையார் கோயில் கேணிக்குப் பக்கத்தில், முல்லைத்தீவு நீதிமன்றத்தின் கட்டளையையும் மீறி, ஒரு பிக்குவின் உடலை எரித்தார்கள். பொலிஸார் அங்கே நின்றார்கள். 2023 செப்டெம்பரில், குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது தொடர்பான வழக்கில் கட்டளைகள் பிறப்பித்த முல்லைத்தீவு மாவட்ட நீதிபதி ரி. சரவணராஜா, உயிர் அச்சுறுத்தல் என்று எழுதிக் கொடுத்துப் பதவி விலகி நாட்டைவிட்டே போனார். அதற்குப் பிறகு நடந்த மனிதச் சங்கிலியையும் ஹர்த்தாலையும் சிலர் அரசியல் என்றார்கள். எனக்கு அது அரசியலாகத் தெரியவில்லை. நீதிபதியே பயந்து இருக்கிற இடத்தில் பெரியம்மா யாரிடம் போய்க் காரணம் கேட்பது?

நீதிபதிகளைப் பற்றிய முறைப்பாடு நீதிச்சேவை ஆணைக்குழுவுக்குப் போகவேண்டும். பிரதம நீதியரசரும் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் இருவரும் கொண்டது அது. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் தோட்டக்காணிக்கு வழக்காடும் ஒரு கிழவிக்குக் கொழும்புக்கு முறைப்பாடு எழுதுவது நடக்கிற காரியமா? தாமதத்துக்குக் கணக்கு இங்கேயே, வழக்கு நடக்கிற கட்டடத்திலேயே தெரியவேண்டும். இந்த மாதம் எத்தனை வழக்கு எடுத்தார்கள், எத்தனை தள்ளிப்போனது, என்ன காரணத்தால் என்று அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டலாமே. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் நீதிமன்றங்களும் வருகின்றன. தீர்ப்பை எப்படி எழுதுகிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. இந்த எண்ணிக்கையைக் கேட்கலாம். நான் கேட்டு எழுதப்போகிறேன்.

இரவு பெரியம்மாவின் கொப்பியை வாங்கி, திகதிகளுக்குப் பக்கத்தில் கோடு கீறி மேலே "காரணம்" என்று எழுதினேன். வழக்காளி காசு கட்டினால் வழக்கேட்டின் சான்றுபடுத்திய பிரதி எடுக்கலாம். திங்கட்கிழமை அதற்கு விண்ணப்பிக்கப் போகிறோம். கிடைத்தவுடன் 41 தவணைக்கும் ஒவ்வொன்றாக நிரப்பவேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி இருந்தால், நீங்களும் பிரதி எடுத்துப் பாருங்கள்.