ஒளியாண்டு காலக் கணக்கு அல்ல

என் அறிவியல் புனைவு நாவல் அச்சுக்குப் போகும் தறுவாயில், பின்னட்டைக் குறிப்பு நான்காவது முறையாகத் திருத்தத்துக்கு வந்தபோதும், அதன் முதல் வரி "பல ஒளியாண்டுகளுக்குப் பின் நடக்கும் கதை" என்றே இருந்தது. ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு, ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர், என்பதை இன்னும் எத்தனை முறைதான் சொல்வது? மூன்று முறை சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் விளக்கமும் எழுதி அனுப்பினேன். மூன்று முறையும் அப்படியே திரும்பி வந்தது.

அட்டைப்படத்தின் கதி இன்னும் மோசம். செவ்வாயில் மறையும் சூரியனைச் சுற்றி வானம் நீலமாகத் தெரியும். காற்றில் மிதக்கும் நுண்தூசியின் வேலை அது. என் கடைசி அத்தியாயமே அந்த நீலத்தில்தான் நிற்கிறது. ஓவியரும் நீலமாகத்தான் வரைந்தார். "செவ்வாய் என்றால் சிவப்பாக இருக்க வேண்டாமா?" என்று யாரோ கேட்க, ஒரே இரவில் வானம் ஆரஞ்சாகிவிட்டது. போதாக்குறைக்கு மூலையில் ஒரு பறக்கும் தட்டு! நாவலின் எந்தப் பக்கத்தில் பறக்கும் தட்டு வருகிறது?

மெய்ப்புத் திருத்தியவரோ, பூமியிலிருந்து தாய் கேட்கும் கேள்விக்குச் செவ்வாயிலிருக்கும் மகள் உடனே பதில் சொல்வதுபோல் உரையாடலை ஒட்டவைத்துவிட்டார். கோள்களின் இருப்பைப் பொறுத்து, ஒரு சொல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். அந்தக் காத்திருப்புதானே என் கதை! அதையா வெற்று இடைவெளி என்று வெட்டுவது? கற்பனைதானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்கிறார்கள். வாசகர் கவனிப்பார், நான் கவனிக்கிறேன்.

இன்று காலை ஐந்தாவது பிரதி வந்தது. ஒளியாண்டு அதே வரியில்தான் இருக்கிறது.