பாண்டி பஜாரில் ஓர் இருக்கை

“கார் நிறுத்த இடமில்லை, வியாபாரம் படுத்துவிட்டது” என்று சென்னை தி.நகரின் பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தைக் குறை சொல்கிறவர்களை ஒரு மாலையாவது ரங்கநாதன் தெருவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று நினைப்பேன். அங்கே காருக்கு வழியே இல்லை. ஆனாலும் தி.நகரில் தோள் உரசாமல் நகர முடியாத தெரு அதுதான். ஒரு முனையில் மாம்பலம் ரயில் நிலையம். தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கமிருந்து மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் நேராகக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். கடைத்தெருவுக்குச் சோறு போடுவது நடந்து வருகிறவர்கள்தான்.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. ரங்கநாதன் தெரு நெரிசலில் அவரால் நிற்க முடியாது. பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதையைத் திறந்த பிறகுதான் மறுபடி தி.நகர் வர ஆரம்பித்தார். போன மாதம் புடவைக் கடையில் வெகுநேரம் நின்றுவிட்டு, வெளியே மர நிழலில் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். ரவிக்கைத் துணியைப் பையிலிருந்து எடுத்துப் புடவை ஓரத்தில் வைத்துப் பார்த்தார். கடை விளக்கில் பொருந்திய அரக்கு நிறம் பகல் வெளிச்சத்தில் பொருந்தவில்லை. கால் ஆறியதும் எழுந்து போய் மாற்றினார். அப்படியே பாத்திரக் கடைக்கும் வந்தார். முன்பென்றால் முதல் கடையோடு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிருப்போம். இருக்கை போடுவதை வீண்செலவு என்கிற கடைக்காரர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருத்தம் மட்டும் எனக்குத் தீரவில்லை. 2013இல் நடைபாதை வியாபாரிகளை மாநகராட்சி கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். நடக்க வழி கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊக்கு, வளையல், கைக்குட்டையெல்லாம் கண்ணில் பட்டால் வாங்குகிற சாமான்கள். அதற்காக யார் மாடியேறுவார்கள்? 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம், தெருவோர வியாபாரத்துக்கென அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. இப்போதுதான் இவ்வளவு அகலம் இருக்கிறதே, அவர்களையும் உட்கார வைத்துப் பேசி, கோடு போட்டு இடம் ஒதுக்கினால் நடப்பவருக்கும் இடைஞ்சல் வராது. நடைபாதையில் ஏறி நிற்கும் பைக்குகள் அடைக்கிற இடமே சில தள்ளுவண்டிகளுக்குப் போதும்.

அன்று திரும்பும்போது அம்மா பூ கேட்டார். நாங்கள் நடந்த தூரத்தில் ஒரு பூக்காரரும் கண்ணில் படவில்லை. பனகல் பூங்கா வரை மெதுவாக நடத்திக் கூட்டிப் போய்த்தான் இரண்டு முழம் மல்லிகை வாங்கிக் கொடுத்தேன்.