மேட்ச் பெர்த்தில், தட்டு காட்டில்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடை. 2024 டிசம்பர் முதல் வாரம், புதன்கிழமை காலை. முத்தையா அண்ணன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவில் மனைவியோடு பத்து நாள் கேரவனில் சுற்றிவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லிஃப்ட் அரைமணி நேரம் நின்றுபோனதையே மூன்று நாள் சொல்கிறவர் அவர், அதனால் புளோக்கில் எல்லோருக்கும் ஒரு சந்தேகம். எதிரில் பக்கத்து வீட்டு ரவி. நான் அடுத்த மேசையில் பிராட்டா ரொட்டியோடு உட்கார்ந்திருந்தேன், காது மட்டும் அவர்கள் மேசையில்.

ரவி: அண்ணே, ஒரு வாரமாகக் கேட்கிறேன். ஒரே ஒரு கங்காரு படமாவது காட்டுங்களேன்.

முத்தையா: (கைபேசியைத் தள்ளிவிட்டு) இந்தா, பார்த்துக்கொள்.

ரவி: இது என்ன, வறுக்கிற சட்டியா?

முத்தையா: தட்டு.

ரவி: சாப்பாட்டுத் தட்டா?

முத்தையா: சாட்டிலைட் தட்டுடா.

ரவி: அடுத்த படமும் தட்டு. அதற்கடுத்ததும் தட்டு. இதில் தட்டு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இதில் அண்ணி தட்டைப் பார்க்கிறார்கள். இதில் அண்ணி உங்களைப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வை... சரி, அதை விடுங்கள். கங்காரு எங்கே?

முத்தையா: அந்தக் கடைசிப் படத்தில் தட்டுக்குப் பின்னால் வால் மாதிரி ஒன்று தெரிகிறதே, அதுதான்.

ரவி: அது கேபிள் இல்லையா?

முத்தையா: (கண்ணாடியை மாட்டி உற்றுப் பார்த்து) கேபிள்தான்.

ரவி: அண்ணே, என்ன நடந்தது? இந்தத் தே தாரிக் டீ என் கணக்கு. முதலிலிருந்து சொல்லுங்கள்.

முத்தையா: பெர்த்தில் உங்க அண்ணியின் தம்பி இருக்கிறான் இல்லையா, என் மச்சான், அவன்தான் கேரவனைக் கொடுத்தான்.

ரவி: கேரவன் என்றால், ஷூட்டிங்கில் ஹீரோ ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அதுவா?

முத்தையா: அதேதான், ஹீரோ மட்டும் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போக வேண்டும். எனக்கு என்ன பயம், 12 மீட்டர் பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டினவன். உள்ளே கட்டில், அடுப்பு, டிவி. கூடவே மச்சான் ஒரு தட்டும் ஒரு டிவி பெட்டியும் வைத்தான். "அத்தான், நம்ம கட்டண டிவியை நீங்கள் போகிற இடமெல்லாம் பார்க்கலாம், கிரிக்கெட் வரும், ஆட்டம் நடக்கும்போது நடுவில் விளம்பரம் கிடையாது" என்றான். அந்த விளம்பரம் கிடையாது என்பதில்தான் நான் விழுந்தேன்.

ரவி: என்ன மேட்ச்?

முத்தையா: இந்தியா, ஆஸ்திரேலியா. முதல் டெஸ்ட். நவம்பர் 22-ஆம் தேதி ஆரம்பம். நேரமும் தோதாக இருந்தது, பெர்த்துக்கும் நமக்கும் ஒரே மணிதான், காலை 10.20-க்கு முதல் பந்து.

ரவி: முதல் டெஸ்ட்... அண்ணே, இருங்கள், அது பெர்த்திலேயே நடந்தது இல்லையா?

(முத்தையா அண்ணன் தே தாரிக்கை ஆற்றினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.)

ரவி: நீங்கள் பெர்த்தில்தானே இறங்கினீர்கள்?

முத்தையா: ஆமாம்.

ரவி: அப்படியானால் நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே!

முத்தையா: மச்சான் எனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். நான்தான், வெயிலில் எவன் நாள் முழுக்க உட்காருவான், டிவியில் என்றால் ரீப்ளே வரும், கால் நீட்டலாம் என்று சொல்லிவிட்டு கேரவனை இழுத்துக்கொண்டு தெற்கே போனேன். பெம்பர்ட்டன் என்று ஒரு ஊர். 300 கிலோமீட்டருக்கு மேல்.

ரவி: மைதானத்தை விட்டு 300 கிலோமீட்டர் தள்ளிப்போய், அதே மைதானத்து ஆட்டத்தை வானத்திலிருந்து இறக்கப் பார்த்தீர்கள்.

முத்தையா: இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் கேள். மைதானத்தின் பெயர் ஆப்டஸ் ஸ்டேடியம். அந்த டிவி வருகிற செயற்கைக்கோளின் பெயரும் ஆப்டஸ்தான். 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கிறது. பந்து இங்கே விழுகிறது, படம் மேலே ஏறி, சுற்றிக்கொண்டு என் தட்டுக்கு வர வேண்டும். நான் நேராகவே போயிருந்தால் நாலு மணி நேர கார்ப் பயணத்தோடு முடிந்திருக்கும்.

ரவி: சரி, தட்டை வைத்தீர்கள். வந்ததா?

முத்தையா: எப்படி வரும்? நான் ஆயுசில் தட்டைத் தொட்டவனா? சிங்கப்பூரில் வீட்டில் தட்டு வைக்கவே விடமாட்டார்கள். இங்கே கட்டண டிவி என்றால் சுவரில் ஓட்டை, அதில் ஒயர், முன்பு கேபிள், இப்போது ஃபைபர். தட்டு என்று நான் பார்த்ததெல்லாம் பக்கத்து மலேசியாவில், ஜோகூரில், வீட்டுக்கு வீடு ஆஸ்ட்ரோ டிவி தட்டு. அதெல்லாம் எப்படி இருக்கும்?

ரவி: வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கும்.

முத்தையா: நானும் அப்படியே மல்லாத்தி வைத்தேன்.

ரவி: அலாமாக்.

முத்தையா: வானம் உலகம் முழுக்க மேலேதானே இருக்கிறது! அப்புறம்தான் பக்கத்துக் கேரவன்காரர் வந்து சொன்னார். தொப்பி போட்ட பெரியவர், கையில் எப்போதும் ஒரு குவளை. இந்தச் செயற்கைக்கோள் எல்லாம் பூமத்திய ரேகைக்கு மேலேதான் நிற்குமாம். நாம் அந்த ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம், அதனால் ஜோகூர்த் தட்டுக்கு அது உச்சந்தலைக்குக் கிட்டே. அங்கே அவ்வளவு தெற்கே போனதும் அது வடகிழக்கில் சாய்ந்துவிடுகிறது, தரையிலிருந்து 30 டிகிரி சொச்சம்தான். அதுவும் ஒன்றிரண்டு டிகிரி தப்பினால் போச்சு.

ரவி: திருப்பி வைத்துவிட்டீர்களா?

முத்தையா: திருப்பினேன். அங்கேதான் மரம் இருந்தது.

ரவி: மரமா?

முத்தையா: மரம் என்றால் நம் ஊர் மழை மரம் மாதிரி நினைக்காதே. காரி மரம் என்கிறார்கள், 80 மீட்டருக்கும் மேலே வளருமாம். நம்ம புளோக் மேல் இன்னொரு புளோக்கைத் தூக்கி வைத்த மாதிரி. அதைப் பார்க்கத்தான் உலகமே அங்கே வருகிறது. உங்க அண்ணி கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்து "என்ன அழகுங்க" என்கிறாள். நான் அதே மரத்தைப் பார்த்து, இதை எவன் இங்கே நட்டான் என்கிறேன்.

ரவி: தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தால்?

முத்தையா: கணக்குப் போட்டோமே, பெரியவரும் நானும் மண்ணில் குச்சியால். ஒரு 60 மீட்டர் மரத்தைத் தாண்டிப் பார்க்க வேண்டும் என்றால் மரத்திலிருந்து கிட்டத்தட்ட 100 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கேபிள் எவ்வளவு நீளம் தெரியுமா?

ரவி: எவ்வளவு?

முத்தையா: பத்து மீட்டர். அப்படியே 100 மீட்டர் தள்ளினாலும் அங்கே அடுத்த மரம் நிற்கிறது. அது காடு ரவி, பார்க்கிங் இல்லை.

ரவி: (சிரிப்பை அடக்கி) அப்போது அண்ணி என்ன செய்தார்கள்?

முத்தையா: உள்ளே டிவி முன்னால் உட்கார வைத்தேன். நான் வெளியே திருப்புவேன், "வருதா?" என்பேன். "இல்ல" என்பாள். "இப்போ?" "இல்ல." 1980-களில் மலேசியா ஆர்.டி.எம். சேனலைப் பிடிக்க ஆன்டெனாவைத் திருப்புவேன், அப்போதும் அவள்தான் உள்ளே, கல்யாணமான புதுசு. அந்தக் காலத்தில் திருப்பத் திருப்ப உப்பும் மிளகும் தூவின மாதிரியாவது ஓர் உருவம் வரும், ஆள் ஆணா பெண்ணா என்றாவது தெரியும். இந்த டிஜிட்டலில் ஒன்று முழுசாக வரும், இல்லை என்றால் கறுப்பு. ஒரு மணி நேரம் கழித்து "இப்போ?" என்றேன், பதிலே இல்லை. போய்ப் பார்த்தால் அவள் அந்தப் பெரியவரின் மனைவியோடு நடக்கப் போய்விட்டாள். நான் அவ்வளவு நேரமும் ஆளில்லாத கேரவனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ரவி: அன்றைக்குத்தான் அண்ணே 17 விக்கெட் விழுந்தது! நாம் 150-க்கு ஆல் அவுட், ஆஸ்திரேலியா 67-க்கு 7. ஒரு நாளில் 17 விக்கெட்!

முத்தையா: எனக்கும் 17 இலை விழுந்தது. தட்டுக்குள்.

ரவி: பும்ரா பந்துவீச்சு...

முத்தையா: பேசாதே.

(இந்த இடத்தில் எனக்கு பிராட்டா தொண்டையில் சிக்கிக்கொண்டது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். நான் குழம்பு கேட்கிற மாதிரிக் கடைக்காரரைப் பார்த்தேன்.)

ரவி: மறுநாள்?

முத்தையா: மறுநாளும் மரம். மூன்றாம் நாள் பொழுது விடிவதற்குள் கிளம்பி ஆல்பனிக்குப் போனேன். கடற்கரை ஊர், வெட்டவெளி, மரமே இல்லாத மூலையாகக் கேட்டு வாங்கினேன். அந்தப் பெரியவரும் அதே ஊருக்குத்தான் வந்திருந்தார், எங்களுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார், என்னைப் பார்க்க அவருக்குப் பொழுது போகிறது போல. அன்றைக்கு வைத்தேன் பார், தட்டு! கைபேசியில் திசைகாட்டி, கையில் ஒரு சிக்னல் மீட்டர், அது பீப் பீப் என்று ரிவர்ஸ் எடுக்கிற லாரி மாதிரி கத்தும், ஒவ்வொரு நூலாக நகர்த்தி நகர்த்தி, சாயங்காலம் நாலரை மணி வாக்கில் நீளமாக ஒரே பீப். சிக்னல் வந்துவிட்டது. வாழ்க்கையில் இரண்டு தடவைதான் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்கிறது, வீட்டுச் சாவி வாங்கினபோது ஒன்று, இது ஒன்று.

ரவி: சபாஷ்! பார்த்தீர்களா?

முத்தையா: உள்ளே ஓடினேன். டிவியில் பெரிதாக எழுதியிருந்தது.

ரவி: என்ன?

முத்தையா: கார்டைச் செருகவும்.

ரவி: என்ன கார்டு?

முத்தையா: பெட்டியில் ஒரு கார்டு இருக்க வேண்டுமாம், பணம் கட்டின ஆள் நாம்தான் என்று காட்ட. மச்சானுக்கு போன் போட்டேன். ஒரே இரைச்சல், கடல் பொங்குகிற மாதிரி. "டேய், பெட்டியில் கார்டு இல்லையேடா" என்று கத்துகிறேன். "ஐயோ அத்தான், வீட்டுப் பெட்டியிலிருந்து உங்களுக்காகத்தான் கழற்றினேன், பர்ஸில் வைத்து மறந்துவிட்டேன்" என்றான். "பர்ஸ் எங்கேடா" என்றேன். "என் பாக்கெட்டில், நான் ஸ்டேடியத்தில் இருக்கிறேன்" என்றான்.

ரவி: கார்டு மட்டும் நேரில் போய் மேட்ச் பார்த்திருக்கிறது!

முத்தையா: இரு, முடியவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனில் காது கிழிகிற சத்தம். "கோலி நூறு! அத்தான், கோலி நூறு!" என்று குதிக்கிறான். அந்த நூறை நான் காதால் பார்த்தேன்.

ரவி: ஜெய்ஸ்வாலும் அன்றைக்குத்தான் 161...

முத்தையா: ரவி, நான் கிளம்பட்டுமா?

ரவி: இல்லை, இல்லை, உட்காருங்கள். நாலாம் நாள்?

முத்தையா: திங்கட்கிழமை. அந்தக் கார்டு கடையில் விற்குமா என்று கேட்டு ஆல்பனியில் ஒவ்வொரு டிவி கடையாக ஏறி இறங்கினேன். விற்கவில்லை. கால் வலியோடு கேரவனுக்குத் திரும்பினால், வாசலில் நான்கு ஜோடிச் செருப்பு. உள்ளே உங்க அண்ணி, பெரியவர், அவர் மனைவி, இன்னும் யாரோ ஒருவர், நடுவில் நான் இங்கிருந்து எடுத்துப் போன முறுக்கு டப்பா. டிவியில் நம் ஆட்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். படம் கண்ணாடி மாதிரி.

ரவி: எப்படி?

முத்தையா: கேரவன் கூரையில் உள்பக்கம் ஒரு கைப்பிடி இருந்தது. ஆறு நாளாக நான் ஈரத் துண்டைத் தொங்கப் போட்ட கைப்பிடி. பெரியவர் அந்தத் துண்டை எடுத்துவிட்டு அதைத் திருகினாராம், மேலே சாதாரண ஏரியல் ஒன்று எழுந்து நின்றதாம், டிவி தானாகவே சேனலைத் தேடிப் பிடித்துவிட்டதாம். செவன் என்று ஒரு சேனல். இலவசம்.

ரவி: இலவசமா!

முத்தையா: சொந்த மண்ணில் ஆஸ்திரேலியா ஆடுகிற டெஸ்ட் மேட்சை, இலவச டிவிக்கு முதலில் வாய்ப்புக் கொடுக்காமல் கட்டண டிவி மட்டும் வாங்கிக்கொள்ள முடியாதாம், அங்கே சட்டமே இருக்கிறதாம். "முதல் நாளே ஏன் சொல்லவில்லை" என்று பெரியவரைக் கேட்டேன். "நீங்கள் அவ்வளவு ஆசையாகத் தட்டைத் திருப்பிக்கொண்டிருந்தீர்கள், உங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு என்று நினைத்தேன்" என்கிறார்.

ரவி: அண்ணிக்குக் கிரிக்கெட் தெரியாதே.

முத்தையா: இப்போது தெரியும். ராத்திரி எனக்கு விளக்குகிறாள். "அந்த மீசைக்காரர் ஹெட் 89 வரைக்கும் நின்றாருங்க, பும்ரா போட்டதைத் தொட்டார், பந்த் பிடித்துவிட்டார், அதோடு கதை முடிந்தது, 295 ரன் வித்தியாசம்." எனக்குச் சொல்கிறாள். எனக்கு!

ரவி: இலவச டிவியில் நடுவில் விளம்பரம் வந்திருக்குமே?

முத்தையா: அதையும் கேட்டேன். "விளம்பரம் வரும்போதுதாங்க டீ போட்டோம்" என்கிறாள்.

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளை உறையை எடுத்து மேசையில் வைத்தார்.)

ரவி: இது என்ன?

முத்தையா: நேற்றுத் தபாலில் வந்தது. பிரித்துப் பார்.

ரவி: ஏதோ பேங்க் கார்டு மாதிரி... அண்ணே! இது அந்தக் கார்டா?

முத்தையா: அன்றைக்குக் கோபத்தில் "உடனே தபாலில் போடுடா" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். பயந்துபோய் மறுநாளே போட்டிருக்கிறான், அவனிடம் இருக்கிற ஒரே விலாசத்துக்கு. ஈசூனுக்கு.

ரவி: தட்டும் அங்கே, பெட்டியும் அங்கே. இதை வைத்து இங்கே என்ன செய்வீர்கள்?

முத்தையா: நான் என்ன செய்வது? அவன்தான் காலையிலிருந்து நாலு தடவை போன் பண்ணிவிட்டான். வீட்டு டிவியில் ஒன்றும் வரவில்லையாம். வெள்ளிக்கிழமை அடிலெய்டில் அடுத்த டெஸ்ட், பகலிரவு ஆட்டம், பத்து நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்திருக்கிறானாம்.

ரவி: இன்றைக்கு புதன். இப்போதே போய் எக்ஸ்பிரஸில் போட்டால் ஒருவேளை கிடைக்கும் அண்ணே. வாங்க, நான் கூட வருகிறேன்.

முத்தையா: போடத்தான் போகிறேன்.

ரவி: எக்ஸ்பிரஸில்தானே?

முத்தையா: சாதாத் தபாலில்.